மனத்துக்கும் ஒரு பராமரிப்பு வேண்டும்

இரயில் எஞ்சினில் ஏறி அமரும் ஒருவரை நாம் எத்தனை விதமாகச் சோதிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வேலைக்குச் சேரும்போதே கண் பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், காது, இதயம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். 'ஏ-1' என்ற மருத்துவப் பிரிவில் தேறினால்தான் இடம். லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. வகுத்த உளத்திறன் தேர்வும் உண்டு. பிறகு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை. வயது ஏற ஏற அந்த இடைவெளி குறையும். பணியேற்கும்போது கருவியில் வாயை வைத்து ஊதி, மது அருந்தவில்லை என்று காட்ட வேண்டும். போதிய ஓய்வு எடுத்துக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். இவ்வளவும் சரியே. ஆனால், "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

நான் டிப்ளமோ படித்து, இருப்புப்பாதைப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். எனினும், பொறுப்பு மிகுந்த பணிகளில் இருப்போருக்கு மனநலச் சிகிச்சை தேவையா, தேவையென்றால் அது எப்படி அமைய வேண்டும் என்பது பற்றி நம் சங்க அன்பர்களிடம் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். இது நம் வீட்டு விஷயம். 1979 அக்டோபர் 2-ஆம் நாள் உருவான திருவனந்தபுரம் கோட்டத்தில் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அடக்கம். இங்கே இரயில்வேயில் வேலை பார்த்த, இன்றும் பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அதுபோலவே மருத்துவக் கல்லூரியிலும், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலும், டெக்னோபார்க்கிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இரயில்வே என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

பணியின் பாரம்

மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு வண்டியை அவசர பிரேக் போட்டு நிறுத்தினாலும், அது நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். வளைவு திரும்பியதும் தண்டவாளத்தில் ஒருவர் நிற்பது தெரிகிறது. ஓட்டுநர் பிரேக்கை இழுக்கிறார், ஹாரனை அழுத்துகிறார். அதற்கு மேல் அவரால் ஆவது ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில நேரம் அந்த மனிதர் திரும்பி இவர் முகத்தையே பார்ப்பதும் உண்டு. வண்டி நிற்கும், கார்டு இறங்கிப் போய்ப் பார்ப்பார், அடுத்த ஸ்டேஷனில் எழுத்து மூலம் தகவல் கொடுக்கப்படும். பெரும்பாலும் அதே ஓட்டுநர் அதே வண்டியை மேலே ஓட்டிக்கொண்டு போவார். பின்னால் ஆயிரம் பயணிகள் தாமதத்துக்காக முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டுநர் மட்டுமல்ல. விடியற்காலையில் தனியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்துவரும் கீமேன், பல நேரங்களில் உடலை முதலில் காண்பவர். போலீஸ் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டியவர். இரவு இரண்டு மணிக்குத் தனி ஆளாக மூன்று வண்டிகளுக்கு வழி கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு, ஒரு நொடி கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும். அந்த அறிவே ஒரு பாரம். அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டருக்கும், அவசரப் பிரிவு நர்ஸுக்கும், போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் இதே கதைதான்.

இது புதிய நோய் அல்ல

'இதெல்லாம் இந்தக் காலத்து நாகரிகம்' என்று சிலர் சொல்கிறார்கள். இரயில் எவ்வளவு பழையதோ, ஏறத்தாழ அவ்வளவு பழையது இந்தச் சிக்கலும். இங்கிலாந்தில் எரிக்ஸன் என்ற அறுவை மருத்துவர் 1866-இலேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இரயில் விபத்தில் எலும்பு முறியாமல் தப்பியவர்கள்கூடப் பின்னர் தூக்கமின்றி, நடுக்கத்துடன், நினைவு தடுமாறி வருந்தியதை அவர் கவனித்தார். முதுகுத்தண்டு அதிர்ந்ததால்தான் இப்படி ஆகிறது என்பது அவர் கருத்து. 'இரயில்வே முதுகெலும்பு' என்றே அந்த நோய்க்குப் பெயர் வழங்கியது. அதிர்ந்தது மனம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் விபத்தில் உயிர் பிழைத்து, அடிபட்டவர்களுக்கு உதவியும் செய்த எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், அதன் பிறகு இரயிலில் ஏறினாலே நடுங்கினார்.

நம் அருகில் பாருங்கள். 1988 ஜூலை 8 அன்று பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி நோக்கி வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ், பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். காரணம் என்ன என்பது பற்றி ஆண்டுக்கணக்கில் பேசினோம். சுழற்காற்றா, பாதையா என்று வாதிட்டோம். தண்ணீருக்குள் இறங்கி உடல்களை எடுத்தவர்கள் அதன் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று நாங்கள் யாரும் பேசிக்கொண்டதில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டென்றே அந்த நாளில் எங்களுக்குத் தோன்றவில்லை.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாலசோர் அருகே நடந்த விபத்துக்குப் பின் நிலைமை சற்று மாறியது. மீட்புப் பணிக்குப் போன தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தலைவரே வெளிப்படையாகப் பேசினார். தம் வீரர்களில் ஒருவருக்குத் தண்ணீரைப் பார்த்தால் இரத்தமாகத் தெரிகிறது, இன்னொருவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்றார். அவர்களுக்கு மனநல ஆலோசனை ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னார். ஒரு படைத்தலைவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

ஏன் போவதில்லை?

சிகிச்சை இருக்கிறது, டாக்டர்கள் இருக்கிறார்கள். பிறகு ஏன் யாரும் போவதில்லை?

முதல் காரணம் வெட்கம். சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால் 'கீழ்ப்பாக்கம்' என்பார்கள். திருவனந்தபுரத்தில் அதே கேலிக்கு 'ஊளம்பாறை' என்பார்கள். பேரூர்க்கடை அருகே 1870 முதல் இயங்கிவரும் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை இரண்டு தலைமுறையாவது வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். இரு மொழிக்காரர்களும் வேறு எதில் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும், இதில் மட்டும் ஒற்றுமை. பல்வலிக்கு டாக்டரிடம் போவதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறோம். இதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. அது பயம். எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநர்; பெயர் வேண்டாம். மூன்று ஆண்டுகளில் நான்கு பேர் அவர் வண்டியின் முன் விழுந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட வளைவு வந்தால் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். உடன் வருபவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் இரவெல்லாம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அவர் மனைவி என் வீட்டில் வந்து சொல்லி அழுதார். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "சார், கண்ணாடி போட்டாலே எழுதி வைக்கிறாங்க. இதைச் சொன்னா என்னென்ன எழுதுவாங்களோ?" என்றார். கடைசியில் லீவு போட்டு, நாகர்கோவிலில் ஒரு தனியார் டாக்டரிடம் கைக்காசைக் கொடுத்துச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். மருந்தை வாங்கியதும் சீட்டை பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டுவிடுவாராம். சில மாதங்களில் தூக்கம் வந்தது, ஆள் தெளிந்தார். சிகிச்சை பலித்தது. நல்ல முடிவுதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தூக்கத்துக்கான மருந்து உட்கொள்ளும் ஒருவர் இரவு வண்டி ஓட்டுகிறார். அது யாருக்கும் தெரியாது. அவரை மறைக்க வைத்தது எது? உண்மையைச் சொன்னால் 'ஏ-1' போய்விடும், ஓட்டத்துக்கான படி போய்விடும், பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும் என்ற கணக்கு. நேர்மையாகச் சொல்பவன் நஷ்டப்படுகிறான், மறைப்பவன் பிழைத்துக்கொள்கிறான் என்றிருந்தால் எவன் சொல்வான்?

2015 மார்ச் 24 அன்று பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மோதியதில் 150 பேர் மாண்டார்கள். மனநோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. அப்படிப்பட்ட நிகழ்ச்சி மிக மிக அரிது. மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினையாதவர்கள். நமக்கான பாடம் வேறு. அவர் தம் நோயைக் கம்பெனியிடம் மறைத்தார்; உரிமம் போய்விடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் ஒரு விதி கொண்டுவந்தது; 2021 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விமானிகள் தம் சக விமானிகளிடமே தயக்கமின்றிப் பேசி உதவி பெற, விமானக் கம்பெனிகள் ஓர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது அந்த விதி. தண்டனையைக் கடுமையாக்காமல் பயத்தைக் குறைக்கும் வழியைத் தேடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓய்வா, ஆலோசனையா?

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். "ஆளைப் பிழிந்து வேலை வாங்கிவிட்டு, பிறகு ஆலோசகரிடம் போ என்பது ஏமாற்று வேலை. முதலில் ஓய்வு கொடுங்கள்" என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். 2024 ஜூன் மாதம் தென்னக இரயில்வேயில் ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்தின் சாரமே இதுதான். வார ஓய்வு 46 மணி நேரம் வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது, 48 மணி நேரத்துக்குள் தலைமையிடம் திரும்ப வேண்டும் என்பவை அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள்.

இதற்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்கிறேன். இப்போதைய பாதைகளில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து விடுகிறோம். பழைய காலத்து இடைவெளிகள் கிடையாது. வெயிலில் இரும்பு நீளப் பார்க்கும். ஆனால் கட்டிப்போட்டிருப்பதால் நீள முடியாது. நீள முடியாத அந்த விசை உள்ளேயே தங்கும். 60 கிலோ ரகத் தண்டவாளத்தில் வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 50 டன்னுக்கு மேல் அழுத்தம் சேரும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நூல் பிடித்தாற்போல் நேராகத்தான் கிடக்கும். ஒரு நாள் மதியம் பாம்பைப்போல் வளைந்துவிடும்.

அதைத் தடுக்க 'டீஸ்ட்ரெஸ்ஸிங்' என்று ஒரு வேலை செய்வோம். பூட்டுகளைக் கழற்றி, தண்டவாளத்தை உருளைகள் மேல் ஏற்றி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, அடைபட்டிருந்த விசையை வெளியேற விடுவோம். பிறகு சரியான வெப்பநிலையில் மறுபடியும் பூட்டுவோம். இதை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய முடியாது. வண்டிகளை நிறுத்தி 'பிளாக்' கொடுத்தாக வேண்டும்.

ஓய்வுதான் அந்த பிளாக். ஆலோசனையும் சிகிச்சையும்தான் டீஸ்ட்ரெஸ்ஸிங். பிளாக் கொடுக்காமல் வேலை நடக்காது. பிளாக் மட்டும் கொடுத்துவிட்டுப் பூட்டைக் கழற்றாமல் இருந்தாலும் அழுத்தம் போகாது. நான்கு பேர் வண்டியின் முன் விழுந்ததைப் பார்த்தவருக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தால் அந்த இரண்டு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே இரண்டும் வேண்டும். ஓய்வுக்கு மாற்றாக ஆலோசனை என்று எந்த நிர்வாகமாவது சொன்னால் அதை ஏற்கக்கூடாது என்பதே என் கருத்து.

"அந்தக் காலத்தில் நாங்கள் சமாளிக்கவில்லையா?" என்று என் வயதுக்காரர்கள் கேட்கலாம். எப்படிச் சமாளித்தோம் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? சிலர் பாட்டிலைக் கொண்டு சமாளித்தார்கள். சிலர் வீட்டுப் பெண்கள்மீதும் பிள்ளைகள்மீதும் எரிந்து விழுந்து சமாளித்தார்கள். சிலருக்குக் கூட்டுக் குடும்பமும் ரன்னிங் ரூம் அரட்டையும் கைகொடுத்தன. இன்று கூட்டுக் குடும்பம் அரிது. ரன்னிங் ரூமில் ஆளுக்கொரு செல்போன்.

சிகிச்சை என்றால் என்ன?

பலருக்கு இது தெரியாததாலேயே பயம். மின்சாரம் வைப்பார்கள், வாழ்நாள் முழுதும் மாத்திரை என்றெல்லாம் நினைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வேண்டியிருப்பது பேச்சு வழிச் சிகிச்சைதான். வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக, பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசுவது. இப்படிச் சில வாரங்களோ மாதங்களோ நடக்கும். 'நான்தான் கொன்றேன்' என்பதுபோல் மனத்தில் படிந்த எண்ணத்தை எடுத்து, அது உண்மையா என்று இருவருமாகப் பார்ப்பார்கள். தவிர்த்து ஓடும் இடத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். தூக்கத்தைச் சீர் செய்வார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மருந்தும் தருவார். ஆனால் ஒன்று: விபத்து நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி வற்புறுத்துவது பயன் தராது என்பதே இன்றைய மருத்துவ அறிவு. முதலில் வேண்டியவை பாதுகாப்பு, தூக்கம், பக்கத்தில் ஆள். சில வாரங்கள் கழித்தும் தொல்லை தொடர்ந்தால் முறையான சிகிச்சை.

வழி இல்லாமல் இல்லை. கேரளப் போலீஸார் தங்கள் ஆட்களுக்காகப் பேரூர்க்கடை எஸ்.ஏ.பி. முகாமில் 'ஹாட்ஸ்' என்ற மன அழுத்த உதவி மையம் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் போலீஸார் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு காவலர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தியிருக்கிறார்கள். மீசை முறுக்கும் துறையே இதைச் செய்ய முடியுமென்றால் மற்றத் துறைகளுக்கு என்ன தயக்கம்? இரயில்வேயிலும் ஆங்காங்கே யோகா வகுப்பும் குடும்பக் கருத்தரங்கும் நடக்கின்றன. நல்லதுதான், ஆனால் மேடையில் அதிகாரி அமர்ந்திருக்க எதிரே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவரும் மனம் திறக்கமாட்டார்.

செய்ய வேண்டியவை

என் யோசனைகள் நான்கு.

1. வண்டியின் முன் ஒருவர் விழுந்து இறந்தால், அடுத்து ஆள் மாற்ற முடிகிற இடத்தில் அந்த ஓட்டுநரை விடுவிக்க வேண்டும். சில நாள் ஓய்வும், அந்நாட்களுக்கான படியும் கேட்காமலே கிடைக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்றால் கேட்கமாட்டார்கள்.

2. சிகிச்சை தருபவர் வேறு, பணிக்குத் தகுதியா என்று முடிவு செய்பவர் வேறு என்று இருக்க வேண்டும். ஆலோசகரின் குறிப்பு பணிப்பதிவேட்டுக்குப் போகக்கூடாது. பிறர் உயிருக்கு ஆபத்து என்னும் நிலை மட்டும் விதிவிலக்கு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இந்த இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது.

3. சிகிச்சைக் காலத்தில் வேறு இலகுவான பணியும், குணமானபின் பழைய இடமும், ஊதியக் குறைவின்றிக் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். பற்றவைப்பில் பழுது கண்டால் வர்ணத்தில் குறியிட்டு, பக்கவாட்டில் தகடு பூட்டி, வேகத்தைக் குறைத்து வண்டியை விடுகிறோம். உடனே தண்டவாளத்தைப் பிடுங்கி எறிவதில்லை.

4. ஓய்வு பெற்ற அனுபவசாலிகளுக்குப் பயிற்சி கொடுத்து, இளையவர்கள் முதலில் வந்து பேசும் ஆட்களாக அவர்களை வைக்கலாம். அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. ஆகவே அவர்களிடம் பயமும் இல்லை.

நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. இங்கே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் மலையாளத்தில் அலுவலகம் நடத்துவார்கள், சந்தையில் பேரம் பேசுவார்கள். ஆனால் தூக்கம் வராத இரவில் மனத்துக்குள் ஓடும் பேச்சு தமிழில்தான் ஓடும். அதை வேறு மொழியில் பெயர்த்துச் சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவியை 14416 என்ற எண்ணில் இலவசமாக எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் சேவை உண்டு. இந்த நகரில் தமிழில் பேசிச் சிகிச்சை தரக்கூடிய மனநல மருத்துவர்கள், ஆலோசகர்கள் யார் யார் என்று விசாரித்து, அவர்கள் சம்மதத்துடன் ஒரு பட்டியல் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பட்டிமன்றத்துக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒரு மனநல மருத்துவரின் பேச்சுக்கு ஒதுக்கலாம். கேள்விகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் போடச் சொல்லலாம்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது சிகிச்சையை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். முதல் மூன்றுக்கும் அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் பொறுப்பு. நான்காவது நாம்தான். உங்கள் வீட்டில் இரவுப் பணி முடித்து வருபவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், 'இவருக்கு எப்போதும் இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், என்ன நடந்தது என்று ஒருமுறை கேளுங்கள். டாக்டரிடம் போக வேண்டுமென்றால் கூடப் போங்கள். பட்டியல் தயாரிக்கும் வேலைக்கு நான் வரத் தயார். விருப்பமுள்ள அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.